வெள்ளை வயிற்று ஐஸ்கட்டி

கதவை யாரும் அடித்துச் சாத்தவில்லை. பெரிய இடத்துக் கார்க்கதவைப் போல 'தப்' என்று மரியாதையாக மூடிக்கொண்டது. மரியாதை அத்தோடு முடிந்தது. அடுத்து வெளியே கொக்கி விழுகிற சத்தம் கேட்டது.

அஸ்ஹர் தோளால் ஒரு முட்டு முட்டினான். உள்ளே நுரை அடைத்த, ஒரு சாண் கனமுள்ள ஐஸ் அறைக் கதவு அது. அவன் தோளை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

"அக்கா, நாம உள்ள இருக்கிறது யாருக்கோ தெரியல போல."

"தெரிஞ்சதாலதான் தம்பி சாத்தியிருக்காங்க," என்றாள் ஜெகதீஸ்வரி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஜெகதீஸ்வரி பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். அதில் கெட்டிக்காரர்களெல்லாம் கம்பெனிக்குள்ளேயே மேலதிகாரிகளாக இருப்பதைக் கண்டுபிடித்த அன்று ராஜினாமா செய்துவிட்டு, ஜார்ஜ்டவுனில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். ஆபீஸ் என்றால் ஒரு மாடியறை, ஒரு மேசை, அஸ்ஹர். அஸ்ஹர் என்றால் ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு வாய்.

அந்த வாய் இப்போது புகை விட்டுக்கொண்டிருந்தது. "போன்ல ஒரு கோடுகூட இல்ல. சுவர் பூரா தகரம். அல்லாமா, நேத்துதான் சொன்னேன், பினாங்கு வெயில் தாங்கலன்னு. வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

அறை ஒரு லாரியின் பின்பக்கம் அளவுக்குத்தான் இருக்கும். உயரத்தில், இரும்புச் சட்டத்தின் மேல், ஐஸ் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அது உதிர்க்கிற ஐஸ் எல்லாம் கீழே மலையாகக் குவிந்து கிடந்தது. எதிர்ச்சுவரில் ஒரு சின்ன இழுப்புக் கதவு உண்டு. அதைத் தூக்கினால் அந்தப் பக்கம் விருந்துக் கூடத்துப் பானக் கவுண்டர். கவுண்டர்க்காரர்கள் அதன் வழியாகத்தான் ஐஸ் அள்ளுவார்கள். இன்று கவுண்டரை மூடியாயிற்று. அள்ள ஆளில்லாமல் ஐஸ் ஏறி, அந்தச் சின்னக் கதவையும் மூடிவிட்டது. பெரிய கதவில், உள்ளிருந்து தள்ளித் திறப்பதற்கு ஒரு குமிழ் இருந்திருக்க வேண்டும். இப்போது அங்கே இருந்தது ஒரு துளை மட்டும்.

அஸ்ஹர் துளையில் வாயை வைத்துக் கத்தினான். தமிழில் கத்தினான், மலாயில் கத்தினான், தெரிந்த நாலு ஹொக்கியன் சீன வார்த்தையையும் சேர்த்துக் கத்தினான். மெஷின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

"கத்திக் களைச்சுப் போகாத. மாமிக்கு என்ன வழின்னு யோசி," என்றாள் ஜெகதீஸ்வரி.

அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. மாமிதான் விஷயமே.

ஹோட்டல், டத்தோ புவனேஸ்வரனுடையது. பழைய கிட்டங்கி ஒன்றை வாங்கி, சுவரில் காரை உதிர்ந்த இடங்களுக்கெல்லாம் விளக்குப் போட்டு, பாரம்பரியம் என்று பெயர் வைத்து, அறை வாடகையை மூன்று மடங்காக்கியவர். அரசாங்கம் டத்தோ பட்டம் கொடுத்த நாளிலிருந்து அவர் யாரிடமும் பேசுவதில்லை; உரையாற்றுவார். இன்று மத்தியானம் அவருடைய மகள் ஷர்மினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஹரீஷ் வீட்டார் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகு ஏறி வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளைக்குப் போட டத்தோ ஒரு வைர மோதிரம் வாங்கியிருந்தார். நேற்றுச் சாயங்காலம் ஹோட்டல் சிப்பந்திகள் அத்தனை பேரையும் ஆபீஸுக்கு வரவழைத்து, வரிசையாக நிற்கவைத்து அதைக் காட்டினார். கடைசியாக அறையை விட்டுப் போனது, தேநீர்க் கோப்பைகளை எடுத்துப் போன ஹாஜரா. பானக் கவுண்டரைப் பல வருஷமாக நடத்துகிறவள். இன்று காலை பெட்டி காலி. மத்தியானம், மாப்பிள்ளையின் அத்தை குடிக்க எடுத்த ரோஸ் சிராப் கிளாஸில், ஒரு ஐஸ்கட்டிக்குள்ளே மோதிரம்!

மாப்பிள்ளையின் மாமா மோகனராஜ், பட்டர்வொர்த்தில் நகைக்கடை வைத்திருப்பவர். ஐஸை உடைத்து மோதிரத்தை எடுத்துக் கல்லில் ஒரு ஊது ஊதினார். வைரம் என்றால் மூச்சின் ஆவி உடனே மறைய வேண்டும். இதில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடி.

டத்தோ மைக்கைப் பிடித்தார். கல்லை மாற்றியது ஹாஜராதான், மோதிரத்தை ஐஸ் மெஷின் தண்ணீரில் ஒளித்துவைத்திருக்கிறாள், அது ஐஸோடு உறைந்து காட்டிக்கொடுத்துவிட்டது, என்று உரையாற்றினார். பேச்சு முடிந்து, விரலை நீட்டிக் குற்றம்சாட்டக் கை வேண்டும் என்பதால் மைக்கைக் கவுண்டர் மேலேயே வைத்துவிட்டு நீட்டினார். ஹாஜரா அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார வேண்டும், கவுண்டர் மூடப்படும், விருந்து முடிந்ததும் போலீஸ் வரும். முதலில் போலீஸ் வந்தால் பிரியாணி ஆறிவிடும் அல்லவா?

அதற்குள் 'சுதந்திரமான விசாரணை' ஒன்றும் நடந்ததாக இருக்கட்டும் என்று ஜெகதீஸ்வரிக்குப் போன் போட்டதும் அவரேதான். உதவியாளன் அஸ்ஹருக்கு ஹாஜரா சொந்த மாமி என்பது அவருக்குத் தெரியாது. வேலைக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை.

"மாமி ஒரு சீனிக் கட்டியக்கூட கேக்காம எடுக்காது அக்கா. ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி, வெக்கத்துலயே செத்துடும்."

"அப்படின்னா மேல ஏறு. மெஷின் மூடியக் கழட்டு. அதப் பாக்கத்தானே வந்தோம்?"

ஐஸ் குவியலில் கால் புதைய ஏறி, முன்மூடியைக் கழற்றினான். உள்ளே, கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு உலோகத் தட்டு செங்குத்தாக நின்றது. மேலேயிருந்து தண்ணீர் அதன் முகத்தில் விடாமல் வழிந்து, கீழே ஒரு தொட்டியில் விழுந்து, பம்பு அதை மறுபடி மேலே ஏற்றியது. தட்டின் பின்னால் குளிர்க்குழாய். வழிகிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சம் தட்டோடு ஒட்டி, கண்ணாடி போல வளர்ந்துகொண்டிருந்தது.

"உன் சட்டைப் பித்தான் ஒண்ணு குடு," என்றாள் ஜெகதீஸ்வரி.

"அக்கா, இருக்கிற குளிருக்கு நான் சட்டையே ரெண்டு கேக்கலாம்னு இருக்கேன்."

"குடுடா."

பித்தானைப் பிய்த்துத் தொட்டியில் போட்டான். பிறகு காத்திருந்தார்கள். காத்திருப்பதைத் தவிர அங்கே செய்ய வேறொன்றும் இல்லை. அஸ்ஹரின் விரல்கள் முதலில் வலித்தன, பிறகு வலிக்கவில்லை. வலித்ததே தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. ஒற்றைக் குண்டு பல்பு வேறு அவ்வப்போது மினுக்கியது. சுவர் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டதோ என்று அவன் இரண்டு தடவை கையை நீட்டி அளந்து பார்த்தான்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல நாம ஐஸ் கச்சாங் அக்கா. சிவப்பு சிராப் ஊத்துறதுதான் பாக்கி."

திடீரென்று தண்ணீர் நின்றது. 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். ஜெகதீஸ்வரி தட்டின் பின்பக்கக் குழாயைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"சுடுது! இவ்வளவு நேரம் குளிர் ஓடுன அதே குழாய்ல இப்ப சூட்டை விடுது பாரு."

தட்டோடு ஒட்டியிருந்த ஐஸின் ஓரம் வியர்த்தது. அவ்வளவுதான். யாரும் சுரண்டவில்லை, தட்டவில்லை. பலகை மொத்தமும் தானே நழுவி, 'சளார்' என்று அவர்கள் காலடியில் விழுந்து, கட்டி கட்டியாக உடைந்தது. குவியல் அஸ்ஹரின் முழங்காலைத் தொட்டது. மேலே தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஜெகதீஸ்வரி ஒரு கட்டியை எடுத்துப் பல்புக்கு நேரே பிடித்தாள். அதன் வழியாக அஸ்ஹரின் மூக்கு தெரிந்தது. ஒரு பொட்டு வெள்ளை கிடையாது.

"பித்தான் எங்க?"

தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினான். அடியில், பம்பின் சல்லடை மேல், பித்தான் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. "போட்ட இடத்துலயே இருக்கு."

"பித்தானே மேல ஏற மாட்டேங்குது. தங்க மோதிரம் பம்புல ஏறி, தட்டுல போய் ஒட்டிக்கிச்சாமா? இப்ப அந்த போட்டோவக் காட்டு."

மாப்பிள்ளையின் அத்தை எதைக் குடிப்பதற்கு முன்னாலும் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறவள். விசாரிக்கப் போனபோது அஸ்ஹருக்கும் ஒன்று அனுப்பியிருந்தாள். திரையைப் பெரிதாக்கினான். ரோஸ் சிராப், அதில் மிதக்கிற ஐஸ்கட்டி, நடுவில் மோதிரம். மோதிரத்தைச் சுற்றிப் பால் கலந்தாற்போல வெள்ளை.

"ஓடுற தண்ணி உறைஞ்சா காத்து, அழுக்கெல்லாம் வழிஞ்சு போயிடும். கட்டி பளிங்கு மாதிரி வரும்," என்றாள் ஜெகதீஸ்வரி. "நிக்கிற தண்ணி சுத்தியிருந்து உள்ள பாத்து உறையும். காத்து தப்பிக்க வழியில்லாம நடுவுல மாட்டிக்கும்."

"நம்மள மாதிரி."

"நம்மள மாதிரிதான். வயிறு வெள்ளையா இருக்கு பாரு. இது மெஷின் ஐஸே இல்ல தம்பி. யாரோ வீட்டு பிரிட்ஜுல, தட்டுல தண்ணி ஊத்தி, மோதிரத்தப் போட்டு உறைய வெச்சு, கிளாஸுல போட்டிருக்காங்க."

"யாரு?"

அப்போது கதவுத் துளை பேசியது.

"மிஸ் ஜெகதீஸ்வரி! அச்சம் வேண்டாம்! நான் வந்துவிட்டேன்!"

மெஷின் இரைச்சலுக்கு மேலே எழும்பப் பாடுபட்டுக்கொண்டிருந்தது டத்தோவின் குரல். "கதவு தற்செயலாக மூடிக்கொண்டுவிட்டது! சாவியைத் தேட ஆள் அனுப்பியிருக்கிறேன்! அதுவரைக்கும், ஹாஜராதான் குற்றவாளி என்பது உங்கள் முடிவு என்று நான் சபையில் அறிவித்துவிடட்டுமா? நீங்கள் ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி சீக்கிரம் கிடைத்துவிடும்!"

அஸ்ஹர் 'சொல்லித் தொலைங்க' என்பதுபோலப் பார்த்தான். ஜெகதீஸ்வரி அவன் காதருகே குனிந்தாள். "உள்ள வரும்போது கதவப் பாத்தியா? அதுல சாவித் துவாரமே கிடையாது. வெறும் கொக்கி. ஒரு விரலால தூக்கலாம்."

அஸ்ஹர் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"இவரா! சொந்தப் பொண்ணு நிச்சயதார்த்தத்துலயா?"

"மோதிரம் தொலைஞ்சா வேற வாங்கணும். வாங்குனதே கண்ணாடி, நகைக்கடைக்கார மாமா வர்றாருன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சிருக்கும். கல்லைத் திருடி மாத்திட்டாங்கன்னு ஆயிட்டா, கண்ணாடிக்குப் பழி வேற ஆளுக்கு."

"மாமிக்கு."

"உன் மாமிக்கு. நான் இவரோட பேசிக்கிட்டே இருக்கேன். நீ அந்தச் சின்னக் கதவத் தோண்டு."

தோண்டினான். அள்ளுகரண்டி ஒன்று கிடந்தது, மிச்சத்துக்குக் கை. அள்ள அள்ளச் சரிந்தது. ஒரு வழியாக விளிம்பு தெரிந்ததும் நாலு விரல் நுழைகிற அளவுக்குத் தூக்கினான். சூடான காற்றும் பிரியாணி வாசனையும் முகத்தில் அடித்தன. அழுகை வந்துவிடும் போலிருந்தது. எதிரே ஸ்டூல். ஸ்டூலில் ஹாஜரா மாமி, முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

"மாமி! நான்தான், அஸ்ஹர்!"

மாமி குனிந்து பார்த்தாள். "ஏண்டா, ஐஸுக்குள்ள என்னடா பண்ற நீ? சட்டைல பித்தான் எங்க?"

"மாமி, கதவ..." என்றவனின் தோளை ஜெகதீஸ்வரி பிடித்து இழுத்தாள்.

"இப்ப வெளிய போனா நாம தப்பிச்சோம். அவங்க? நம்ம கையில இருக்கிறது ஐஸ் தம்பி. போலீஸ் வர்றதுக்குள்ள தண்ணியாப் போயிடும். டத்தோ சொல்றதுக்கு எதிரா ஒரு போட்டோ நிக்குமா? அவர் வாயாலயே வரணும். கவுண்டர் மேல என்ன இருக்குன்னு பாரு."

பார்த்தான். மைக்.

அவனுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இந்தக் குளிருக்குள் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்து புரிந்தது. பிரியாணி வாசனையைக் கடைசியாக ஒரு இழு இழுத்துக்கொண்டான். "மாமி, அந்த மைக்க இந்தச் சந்துல வை. நான் தட்டுனா சுவிட்சப் போடு. ஒரு வார்த்த பேசாத."

"நான் எப்படா பேசியிருக்கேன்?" என்றாள் மாமி. அது சுத்தப் பொய். ஆனால் மைக் சந்தில் வந்து உட்கார்ந்தது.

"மெஷின் கத்துதே அக்கா. அவர் பேசுறது எப்படிக் கேக்கும்?"

"நிறுத்து."

"சுவிட்சு வெளியில." சொல்லும்போதே அவன் கண் மேலே போனது. சட்டத்திலிருந்து ஒரு செப்புக் குமிழ் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய வாப்பாவின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் ஒருமுறை மெஷின் நின்றுபோய், மெக்கானிக் வந்து, ஐஸுக்குள் விழுந்து கிடந்த இதே குமிழை எடுத்து மேலே மாட்டிவிட்டு, அந்த ஒரு காரியத்துக்குக் கூலி வாங்கி வாப்பாவைப் பத்து நாள் புலம்ப வைத்தது ஞாபகம் வந்தது. ஐஸ் ஏறி அந்தக் குமிழைத் தொட்டால், அறை நிரம்பிவிட்டது என்று நம்பி மெஷின் தானே நின்றுவிடும். எத்தனை பெரிய மெஷின், எவ்வளவு அப்பாவி!

இரண்டு கை நிறைய ஐஸ் அள்ளிக் குமிழைப் பொத்திப் பிடித்துக்கொண்டான்.

ஜெகதீஸ்வரி துளைக்குக் கிட்டே போய்க் கத்தினாள். "டத்தோ! எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு! மோதிரத்த உறைய வெச்சது யார்னு தெரியும்!"

உடனே, "யார்?" என்றது துளை.

"பயப்படாதீங்க டத்தோ, பாராட்டத்தான் கூப்பிடுறேன்! எவ்வளவோ மோசடி பாத்திருக்கேன், இந்த அளவு மூளைய எங்கேயும் பாத்ததில்ல! ஐஸுக்குள்ள மோதிரம்! சாதாரண ஆளுக்குத் தோணுமா?"

அஸ்ஹருக்குக் கை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் சட்டைக்குள் ஓடியது. மேலே தட்டிலிருந்து இன்னொரு பலகை நழுவி, அவன் தோளில் பட்டு உடைந்து விழுந்தது. மெஷின் மறுபடி முனக ஆரம்பித்து, யோசித்து, அடங்கியது.

அறை முழுக்க அமைதி. அவன் காலால் சுவரைத் தட்டினான்.

"நீங்க போட்ட திட்டம்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள் ஜெகதீஸ்வரி, இப்போது இதமான குரலில். "நான் சொன்னா யார் நம்புவா? ஒரே ஒரு விஷயம்தான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு டத்தோ. கல்லு கண்ணாடின்னதும் கூடத்துல ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க. பாவம், டத்தோவுக்கு முன்ன மாதிரி வசதி இல்ல போலன்னு."

மெஷின் குழாயைப் போலவே டத்தோவுக்குள்ளும் சூட்டை விட்டாயிற்று. அஸ்ஹர் கண்ணை மூடிக்கொண்டான்.

"வசதி இல்லையா? எனக்கா?" இரைச்சல் நின்றதைக் கவனிக்காமல், அதே உச்சக் குரலில் டத்தோ முழங்கினார். உரையாற்றும் தமிழ் உடைந்துபோய் வீட்டுத் தமிழ் வெளியே வந்தது. "நான் நெனச்சா பத்து வைரம் வாங்குவேன்! யாருக்கு வாங்கறது? பெர்ரியில சோத்து மூட்டையோட வர்ற கூட்டத்துக்கா? கண்ணாடிக்கும் வைரத்துக்கும் வித்தியாசம் தெரியாத மூஞ்சிங்க! அவங்களுக்குக் கண்ணாடியே ஜாஸ்தின்னு முடிவு பண்ணது நானு! நேத்து ராத்திரி என் வீட்டு பிரிட்ஜுல, என் கையால தண்ணி ஊத்தி உறைய வெச்சேன்! அத்தைக்காரி கிளாஸுல போட்டதும் நான்தான்! வசதி இல்லன்னு சொன்னது எவன்?"

தன் குரல் நாலு ஒலிபெருக்கிகளில் கம்பீரமாகத் திரும்பி வருவதைக் கேட்டபோது, டத்தோவுக்கு முதலில் வழக்கமான சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் சட்டென்று நிறுத்தவில்லை. 'எவன்' என்பதை இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் கனமாகச் சொன்னார். அதன் பிறகுதான் கூடத்தில் ஒருத்தரும் சாப்பிடவில்லை என்பது அவருக்குக் கேட்டது.

மகள் ஷர்மினியின் குரல் வராந்தாவில் வந்து நின்றது. "அப்பா, போதும்பா." அவ்வளவுதான் சொன்னாள்.

"டத்தோ, வித்தியாசம் தெரியாத மூஞ்சி ஒண்ணு வந்திருக்கு. கொஞ்சம் திரும்புங்க, நல்லாப் பாத்துக்கறேன்." மோகனராஜ் மாமா.

கொக்கி தூக்கப்படும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஹாஜரா மாமி நின்றாள். தூக்கிய ஒற்றை விரல் இன்னும் கொக்கியிலேயே இருந்தது.

"சாவி எதுக்கு இதுக்கு?" என்றாள்.

அஸ்ஹரின் கைகள் இன்னும் மேலே, குமிழைப் பொத்தியபடி அப்படியே நின்றிருந்தன. ஜெகதீஸ்வரி ஒவ்வொரு விரலாகப் பிரித்து இறக்கிவிட்டாள். குமிழ் விடுபட்டுக் கொஞ்ச நேரத்தில் மெஷின் ஒரு முனகலோடு மறுபடி வேலைக்குத் திரும்பியது.

மாமி அவன் உள்ளங்கைகளைத் தன் முக்காட்டு நுனியால் அழுத்தித் துடைத்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் கலங்கவில்லை. "நல்லா இருக்குடா ஒன் வேலை. தள்ளு, ஐஸ் அள்ளணும். மாப்பிள்ளையோட அத்தை இன்னொரு சிராப் கேக்குறாங்க. நான் போட்டாத்தான் குடிப்பாங்களாம்."

கூடத்தில் ஹரீஷ் ஷர்மினிக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு மோதிரமே வேண்டாம் என்று தன் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். டத்தோ வாசல் பக்கம், போலீஸுக்காக, ஒரு ஸ்டூலில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். கவுண்டர் ஸ்டூல்தான், அது இப்போது காலியாக இருந்தது.

அத்தைக்குப் புது கிளாஸ் வந்தது. அவள் அதைப் படம் பிடிக்கவில்லை. விளக்குக்கு நேரே தூக்கி, ஒவ்வொரு கட்டியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு மிடறு குடித்தாள். அடுத்து வாங்கியவரும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். அன்று சாயங்காலம் வரை அந்தக் கூடத்தில் எல்லாரும் அப்படித்தான் குடித்தார்கள்.